கடல் கடந்து வந்த கடிதங்கள்



நமது கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தை அறியாதவர் நம்மில் எவரும் இரார். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் துறந்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக 1938-ஆம் ஆண்டு அது திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று அது விளக்கொளியில் மிளிர்வதைக் குடும்பத்தோடு சென்று பார்த்து வருகிறோம். இறந்தார்கள் என்பதைக் கல் சொல்கிறது. இறப்பதற்கு முன் மனைவியை எண்ணி என்ன நினைத்தார்கள், பிள்ளைகளைப் பற்றி என்ன கவலை கொண்டார்கள் என்பதைக் கல் சொல்லாது. அதைச் சொல்ல வல்லவை அவர்கள் எழுதிய கடிதங்களே.

அதே ஜூலை 14-ஆம் நாள், 1916-இல், பிரான்சின் சொம் போர்க்களத்தில் ஓர் இந்தியக் குதிரைப்படை, ஈட்டி ஏந்தி எதிரியின் மேல் பாய்ந்தது. அது ஐதராபாத்தில் தோன்றிய டெக்கான் குதிரைப்படை. அந்தப் போரில் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலிருந்து 1,30,000-க்கும் அதிகமானோர் பிரான்சு மண்ணை மிதித்தனர். காலாட்படையினரில் பெரும்பாலோர் 1915 இறுதியில் வேறு போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். குதிரைப்படையினரோ 1918 தொடக்கம் வரை அங்கேயே இருந்தனர். இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் நிறைந்த அந்தப் போரில் குதிரைக்கு வேலை குறைவு. ஆகவே அவர்கள் பதுங்குகுழி தோண்டினார்கள். குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கிராமங்களில் தங்கிக் காத்திருந்தார்கள். காத்திருப்பவன் கடிதம் எழுதுவான் அல்லவா? 1915 மார்ச்சு மாதத்தில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரந்தோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ரிசல்தார், ஜமேதார் போன்ற அதிகாரிகளில் பலர் தாமே எழுதினர். எழுத்தறியாத வீரர்கள் வாயால் சொல்ல, அறிந்தவர் எழுதிக் கொடுத்தார். இது புதிய வழக்கமன்று. புனித சின்னப்பர் உரோமையருக்கு விடுத்த நிருபத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்த்தியு என்பவரே.

ஆனால் அந்தக் கடிதங்கள் நேரே வீட்டுக்குச் செல்லவில்லை. பிரான்சின் வடகரையிலுள்ள புலோஞ் நகரில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. ஹோவெல் என்ற ஆங்கில அதிகாரி அதன் முதல் தலைவர். அங்கே கடிதங்கள் பிரிக்கப்பட்டன; தேர்ந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அரசாங்கத்துக்கு அறிக்கையாக அனுப்பப்பட்டன. வீரர்களும் இதை அறிந்திருந்தார்கள். ஆகவே சிலர் மறைபொருளாக எழுதினார்கள். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய்! கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினால், ஊரில் புரிந்துகொள்வார்கள் அல்லவா?

இப்போது அந்த வீரனின் மனைவியை எண்ணிப் பாருங்கள். கணவன் சொல்ல ஒருவர் எழுதினார். தணிக்கை அதிகாரி படித்தார். ஊரில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசித்தார். மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லோரும் சூழ்ந்து கேட்டார்கள். நான்கு பேர் காதில் விழும் கடிதத்தில் கணவன் தன் மனத்தைத் திறந்து எவ்வளவு சொல்லிவிட முடியும்? ஆகவே அன்பு வேறு வேடம் பூண்டு வந்தது. பணம் வந்து சேர்ந்ததா, நிலத்தை யார் உழுகிறார்கள், மாடு நலமா, குழந்தைக்கு உடம்பு தேறியதா என்ற கேள்விகளாக வந்தது. பிரெஞ்சுப் பெண்கள் ஆண்கள் இல்லாத வீட்டையும் வயலையும் தாமே நடத்துவதையும், சிறுமிகளும் பள்ளிக்குச் செல்வதையும் கண்டு வியந்த பலர், நம் பெண் குழந்தைகளையும் படிக்க வையுங்கள் என்று எழுதினார்கள். சாவின் நடுவில் இருந்தவனுக்கு மகளின் படிப்பு நினைவுக்கு வந்தது என்பது சிறிய செய்தியா?

ஓர் ஓலை போர்க்களத்தில் என்ன விலை பெறும் என்பதற்குக் கோபிந்த் சிங் சாட்சி. அவர் 28-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்தவர். முன்னாளில் அது சென்னை இராணுவத்தின் படைப்பிரிவு. 1917 டிசம்பர் 1 அன்று, கம்ப்ரே போரில், சூழப்பட்டிருந்த படைக்கும் தலைமையிடத்துக்கும் இடையே மூன்று முறை செய்தி கொண்டு செல்ல அவரே முன்வந்தார். மூன்று முறையும் அவர் ஏறிய குதிரை சுடப்பட்டு வீழ்ந்தது. மூன்று முறையும் செய்தி போய்ச் சேர்ந்தது. விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். ஐயத்தோடு பிரித்துப் படித்த தணிக்கை அலுவலகமே அந்தக் குரல்களை நமக்குக் காத்துத் தந்தது! அதன் அறிக்கைகள் இன்றும் இலண்டனில் உள்ளன. அன்போடு பெற்றுக்கொண்ட வீடுகளில் இருந்த மூலக் கடிதங்களோ பெரும்பாலும் கரையானுக்கும் மழைக்கும் இரையாகிவிட்டன.

நம் ஊர் வீரர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்கள். தபால் தலை ஒட்டாமலே பிரெஞ்சு இராணுவத் தபாலில் எழுதியவர்கள். புலோஞ் அறிக்கைகளில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் எழுதியவை எங்கேனும் இருக்குமானால், நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் பரண்களிலும்தான் இருக்க வேண்டும். பின்னர் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் சென்ற சொல்தாக்களின் கடிதங்களும் அப்படியே.

ஆகவே, அன்பர்களே, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய காகிதம் என்று எதையும் எரித்துவிடாதீர்கள். ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று உங்கள் பாட்டியைக் கேட்டுத் தனித்தாளில் குறித்து வையுங்கள். பிரெஞ்சு தெரிந்த பெரியவர் இருக்கும்போதே வாசித்துக் கேளுங்கள். ஒருநாள் உங்கள் பேரப்பிள்ளை கடற்கரையில் அந்த நினைவுச் சின்னத்தைக் காட்டி, “இவர்கள் யார்?” என்று கேட்பான். பதில் சொல்ல அந்த ஒரு கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.