அங்கவடி: ஏறும் படியும் இருக்கும் அளவும்

குதிரையேறிப் பழகாத தமிழருக்கும் அங்கவடி தெரிந்த சொல்தான். நடுச்செவி எலும்புகளைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பள்ளியில் ஒப்பித்திருப்போம். மூன்றாவதுதான் உடம்பின் மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர். மேலே வளைந்த இரு கைகள், கீழே தட்டையான அடி. சேணத்திலிருந்து வாரில் தொங்கிப் பாதத்தைத் தாங்கும் வளையத்தின் அச்சு அது.

கன்னடத்தில் அந்த வளையத்தை அங்கவணி என்பார்கள், தெலுங்கில் அங்கவன்னெ. எலும்புக்கு மருத்துவ நூல்கள் தரும் ஸ்டேப்பிஸ் என்ற பெயர் பழைய ரோமானியச் சொல்போல ஒலிக்கும். ஆனால் ரோமானியக் குதிரைப்படையிடம் அங்கவடி இல்லை. பொருள் இல்லாத ஊரில் சொல் ஏது? ஸ்டேப்பிஸ் பிற்காலத்து இலத்தீன்.

மற்ற மொழிகளில் அங்கவடியின் பெயர் பெரும்பாலும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறது. ஆங்கில ஸ்டிரப், பழைய ஆங்கிலத்தில் ‘ஏறு கயிறு’. ஜெர்மன் சொல்லுக்கு ‘ஏறு வளைவு’ என்று பொருள். சீன எழுத்தில் உலோகக் குறியோடு ‘ஏறு’ என்னும் எழுத்து சேர்ந்து நிற்கிறது. இதற்குச் சான்று சீன மண்ணிலேயே கிடைத்தது. சாங்ஷாவில் கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறையிலிருந்து எடுத்த குதிரைவீரர் பொம்மைகளில் இடப்பக்கம் மட்டும் ஒரு குட்டையான வளையம் தொங்குகிறது. வீரனின் கால் அதில் இல்லை. ஏறி முடித்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. 415-இல் புதைக்கப்பட்ட ஃபெங் சுஃபு என்பவரின் கல்லறையிலோ ஒரு சோடி கிடைத்தது: உள்ளே மரம், மேலே பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு. சோடியானபின் அது ஏறும் படியாக மட்டும் இல்லை. சவாரி முழுக்கக் காலுக்கு நிலமாகிவிட்டது.

காலுக்கு நிலம் என்றால் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கவேண்டும் என்ற கேள்வி வரும். வட ஆப்பிரிக்காவின் செனாட்டா பெர்பர்கள் வாரைக் குட்டையாக்கி, முழங்காலை மடக்கிச் சவாரி செய்தார்கள். ஸ்பெயின் அந்த முறைக்கு அவர்கள் பெயரையே இட்டு ‘ஹினெட்டா’ என்றது. நீண்ட வாரில் காலை நீட்டிச் செல்வது ‘பிரிடா’. இன்றும் ஸ்பானிய மொழியில் குதிரை ஓட்டுபவர் ‘ஹினெட்டே’தான். வாரின் நீளத்தால் அறியப்பட்ட ஒரு கூட்டத்தின் பெயர், சவாரிக்காரர் எல்லோருக்கும் பெயராகிவிட்டது.

அந்த நீளத்தை அளக்க நாடா வேண்டாம், கை போதும். குதிரையருகே நின்று, வாரின் பக்கிள்மேல் விரல்நுனியை வையுங்கள். மறு கையால் அங்கவடியை உங்கள் பக்கம் இழுத்து, நீட்டிய கையோடு வாரை ஒட்டிப் பிடியுங்கள். அதன் அடித்தட்டு அக்குளைத் தொட்டால் அளவு ஏறக்குறைய சரி. ஏறி உட்கார்ந்து காலைத் தளரத் தொங்கவிடும்போது தட்டு கணுக்கால் எலும்பருகே வரவேண்டும். வார் நீண்டுவிட்டால் நுனிக்கால் தட்டைத் தேடித் துழாவும், உடல் ஆடும். குறுகிவிட்டால் முழங்கால் நோகும், இடுப்பு பின்னே தள்ளப்படும். தடை தாண்டுவோர் ஓரிரு துளை குறைப்பார்கள். பந்தயக்காரர் இன்னும் வெகுவாக.

ஒரே சேணத்தில் இருவர் மாறி ஏறினாலும் துளை மாற்றாமல் ஏறக்கூடாது. அங்கவடி எல்லோருக்கும் ஒன்று; வாரின் நீளம் அவரவர் உடம்புக்கு உரியது.