காத்திருப்பை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? 'வில் ஹேவ் பீன்' பற்றி ஒரு கையேடு

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் பன்னிரண்டு காலங்களைக் காட்டும் அட்டவணை ஒன்று இருக்கும். அதன் கடைசிப் பெட்டியில் இருப்பது 'பியூச்சர் பேர்ஃபெக்ட் கொன்டினியூவஸ்'. தமிழில் எதிர்கால நிறைவுத் தொடர் காலம் என்று சொல்லலாம். வகுப்புகளில் இதற்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. பாடத்திட்டம் முடியும் அவசரத்தில் இரண்டு உதாரணங்களோடு கடந்துபோய்விடுவார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அன்றாடப் பேச்சில் இதை அரிதாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால், வடக்கு கிழக்கிலிருந்து வெளியே போகும் கடிதங்களுக்கு இந்தக் காலம் தேவைப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அனுப்பும் மகஜர்கள், காணி விடுவிப்புக் கோரிக்கைகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொடுக்கும் விண்ணப்பங்கள் என்று எதை எடுத்தாலும் ஒரு கணக்கு வரும்: இன்ன திகதி வரும்போது இது தொடங்கி இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும், இன்னும் முடிந்திருக்காது. செய்தி எழுதும் வேலைக்கு நடுவில் இப்படியான கடிதங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நானும் உதவி வருகிறேன். ஒவ்வொரு முறையும் அதே சில இடங்களில்தான் பேனா நிற்கிறது. அந்த இடங்களை ஒன்றாகத் தொகுத்து இங்கே தருகிறேன். எல்லோரும் வாசிக்க இலகுவாக ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

அமைப்பு

இதன் அமைப்பு ஒருபோதும் மாறாது. எழுவாய், அடுத்து 'வில் ஹேவ் பீன்', அடுத்து 'இங்' சேர்ந்த வினைச்சொல். நான், நாங்கள், அவள், அவர்கள் என்று எழுவாய் எதுவாக இருந்தாலும் 'ஹேவ்' என்பது 'ஹேஸ்' ஆகாது. 'வில்' வந்துவிட்டால் பின்னால் வரும் துணைவினை அடிச்சொல்லாகவே நிற்கும். எனவே 'ஷி வில் ஹேஸ் பீன்' என்று எழுதுவது பிழை.

எதிர்மறைக்கு 'வில்' என்பதன் பின் 'நொட்' சேரும்: 'வில் நொட் ஹேவ் பீன்'. கேள்விக்கு 'வில்' முன்னே வரும்: 'ஹவ் லோங் வில் யூ ஹேவ் பீன் லிவிங் ஹியர் பை ஜூன்?' அதாவது, ஜூன் மாதம் வரும்போது நீங்கள் இங்கே வாழத் தொடங்கி எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? புலம்பெயர் நாட்டு நேர்முகத்தில் இப்படியொரு கேள்வி வந்தால் தடுமாறத் தேவையில்லை. கால அளவை மட்டும் சொன்னாலே அது முழுப் பதில்.

மூன்று விடயங்கள் வேண்டும்

இந்தக் காலம் சரியாக நிற்பதற்கு ஒரு தொடக்கம், எதிர்காலத்தில் ஒரு நாள், இரண்டுக்கும் இடைப்பட்ட கால அளவு ஆகிய மூன்றும் மனதில் இருக்க வேண்டும். தொடக்கத்தை வாக்கியத்தில் சொல்லாமலும் விடலாம். மற்ற இரண்டையும் விடக்கூடாது.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த நாள் 2017 பெப்ரவரி 20. அதே நாள் 2027இல் வரும்போது பத்து ஆண்டுகள். இதை ஆங்கிலத்தில் எழுதினால்: 'ஒன் 20 பெப்ரவரி 2027, தி ஃபமிலிஸ் வில் ஹேவ் பீன் புரொட்டெஸ்டிங் ஃபோர் டென் இயர்ஸ்.'

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூனில் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். இன்னும் காணி கிடைக்காத குடும்பம் ஒன்று இப்படி எழுதலாம்: 'பை ஜூன் 2030, வீ வில் ஹேவ் பீன் லிவிங் அவே ஃப்ரொம் அவர் லான்ட் ஃபோர் ஃபோர்ட்டி இயர்ஸ்.' 1983 ஜூலைக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் போய் முகாமிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 2033 ஜூலையில் இதே வாக்கியம் 'ஃபிஃப்டி இயர்ஸ்' என்று முடியும்.

கால அளவை நீக்கிவிட்டு 'வீ வில் ஹேவ் பீன் புரொட்டெஸ்டிங்' என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு வாக்கியம் பாதியில் நிற்பதுபோல இருக்கும். எவ்வளவு காலம் என்று சொல்லத்தான் இந்தக் காலமே இருக்கிறது.

தமிழில் ஏன் குழப்பம்?

பல வழிகாட்டிப் புத்தகங்கள் இதைத் தமிழில் 'காத்துக்கொண்டிருந்திருப்போம்' என்று தருகின்றன. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் சரிபோலத் தோன்றும். ஆனால், தமிழில் அந்த வடிவத்தை நாங்கள் வேறு இடங்களில் பாவிக்கிறோம். ஒன்று, நடந்துபோனதைப் பற்றிய ஊகம்: 'அந்த நேரம் அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.' மற்றது, நடக்காமல் போனதைப் பற்றிய எண்ணம்: 'சண்டை வந்திராவிட்டால் நாங்கள் இன்றைக்கும் ஊரிலேயே இருந்திருப்போம்.' இரண்டுமே எதிர்காலம் அல்ல.

நாங்கள் உண்மையில் எப்படிச் சொல்வோம்? 'வாற பெப்ரவரியோடு போராடத் தொடங்கிப் பத்து வருசமாகும்.' இதுதான் இயல்பான தமிழ். 'ஆகும்', 'ஆகியிருக்கும்' என்ற சொல்லே முழு வேலையையும் செய்துவிடுகிறது. எனவே, தமிழ் வரைவில் ஒரு திகதி, ஒரு கால அளவு, 'ஆகும்' மூன்றும் சேர்ந்து வந்து, அந்த விடயம் முடியாமல் தொடர்வதாகவும் இருந்தால் ஆங்கிலத்தில் 'வில் ஹேவ் பீன்' என்று எழுதலாம். 'ஆகும்' என்பதை 'வில் பிகம் டென் இயர்ஸ்' என்று எழுதிவிடக் கூடாது. எளிமையாக எழுத விரும்பினால் 'இட் வில் பி டென் இயர்ஸ் சின்ஸ் வீ பிகான் அவர் புரொட்டெஸ்ட்' என்று எழுதலாம். அதுவும் நல்ல ஆங்கிலம்தான்.

'பை' வேறு, 'அன்டில்' வேறு

இரண்டுக்குமே தமிழில் 'வரை' என்று போட்டுப் பழகிவிட்டோம். 'பை' என்றால் அந்த நாள் வரும்போது அல்லது அதற்குள். 'அன்டில்' என்றால் அந்த நாள் வரை. பெரும்பாலும் அத்தோடு அது நின்றுவிடும் என்ற பொருள் கூடவே வரும். 'வீ வில் புரொட்டெஸ்ட் அன்டில் பெப்ரவரி' என்று எழுதினால், பெப்ரவரியில் போராட்டத்தை முடித்துக்கொள்வோம் என்றுதான் அதிகாரி விளங்கிக்கொள்வார். பெப்ரவரியில் பத்தாண்டு நிறைகிறது என்று சொல்வதற்கு 'பை' அல்லது 'ஒன்' வேண்டும்.

இன்னொன்று 'பை த டைம்'. இதன் பின்னால் வரும் வினை எதிர்காலத்தைக் குறித்தாலும் நிகழ்கால வடிவத்தில்தான் இருக்கும். 'பை த டைம் த கமிஷன் கம்ஸ்' என்பது சரி. 'வில் கம்' என்பது பிழை. 'வில்' அடுத்த பகுதியில் மட்டுமே வரும்.

ஒன்றுபோலத் தெரியும் மூன்று

மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான்.

'மை சன் வில் ஹேவ் பீன் மிஸ்ஸிங் ஃபோர் எய்ட்டீன் இயர்ஸ்.' 2009 மே மாதத்தில் மகனைத் தொலைத்த ஒரு தாய் 2027 மே மாதத்துக்காக எழுதக்கூடிய வாக்கியம். 'இங்' இருப்பதால் இதுவும் தொடர் காலம் என்று நினைப்போம். ஆனால், இங்கே 'மிஸ்ஸிங்' ஒரு பெயரடை. காணாமல் இருக்கும் நிலை. மகன் செய்யும் செயல் எதுவும் அதில் இல்லை. வாக்கியம் சரியானது; இலக்கணம் மட்டும் வேறு.

'காணாமல் போனோர்' என்றும் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றும் சொல்வதில் உள்ள வேறுபாடு எங்களுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்திலும் காட்டலாம். 'ஹி டிசப்பியர்ட்' என்றால் அவராக மறைந்தார். 'ஹி வாஸ் ஃபோர்சிப்லி டிசப்பியர்ட்' என்றால் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டார். கடிதத்தின் முதல் வாக்கியத்தில் இரண்டாவதை எழுதிவிட்டு, பிறகு 'மிஸ்ஸிங்' வாக்கியத்தை எழுதினால் யாரோ செய்த செயல் என்பது மறைந்துபோகாது.

மூன்றாவது, காணிக் கடிதங்களில் வருவது. 'த லான்ட் வில் ஹேவ் பீன் ரிலீஸ்ட்' என்றால் காணி விடுவிக்கப்பட்டு முடிந்திருக்கும். 'வில் ஹேவ் பீன்' வரை எல்லாம் ஒன்றே. கடைசியில் 'இங்' இல்லை. இது செயப்பாட்டு வினை. 'த ஆர்மி வில் ஹேவ் பீன் ஒக்கியுபையிங் த லான்ட் ஃபோர் ஃபோர்ட்டி இயர்ஸ்' என்றால் இராணுவம் நாற்பது ஆண்டுகளாகக் காணியைப் பிடித்து வைத்திருக்கும், இன்னும் விட்டிருக்காது. அதிகாரிகளிடமிருந்து வரும் பதிலில் 'வில் ஹேவ் பீன்' என்று கண்டால் அடுத்த சொல்லின் முடிவைப் பாருங்கள். கிடைத்தது வாக்குறுதியா, வெறும் நிலவரமா என்பது அங்கேதான் தெரியும்.

'இங்' ஏற்காத சொற்கள்

அறிதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாகத் தொடர் வடிவத்தை ஏற்பதில்லை. 'வில் ஹேவ் பீன் ஓனிங்' என்று எழுதுவதில்லை. 'வில் ஹேவ் ஓன்ட்' என்று எழுத வேண்டும். காத்திருத்தல், தேடுதல், போராடுதல், வாழுதல், கேட்டுக்கொண்டிருத்தல் ஆகியவை தாராளமாக ஏற்கும். எங்கள் கடிதங்களுக்கு வேண்டிய வினைகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

எண்ணிக்கை சொல்லும்போதும் 'இங்' வேண்டாம். 'பை மார்ச், வீ வில் ஹேவ் ரிட்டன் டென் லெட்டர்ஸ்' என்றால் பத்துக் கடிதங்கள் எழுதி முடித்திருப்போம். 'வில் ஹேவ் பீன் ரைட்டிங் ஃபோர் டென் இயர்ஸ்' என்றால் பத்து ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்போம். முன்னது எத்தனை என்று சொல்கிறது. பின்னது எவ்வளவு காலம் என்று சொல்கிறது.

சட்டமும் 'தொடர்' என்றே சொல்கிறது

எங்களைப் பொறுத்தவரை இந்தத் தொடர் வடிவத்துக்குப் பின்னால் ஒரு சட்டக் கருத்து இருக்கிறது. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பாக ஐ.நா. பொதுச்சபை 1992இல் ஏற்ற பிரகடனத்தின் 17ஆவது உறுப்புரை, காணாமல் ஆக்கப்பட்டவரின் கதியைக் குற்றமிழைத்தவர்கள் மறைத்து, உண்மைகள் தெளிவுபடுத்தப்படாமல் இருக்கும் காலம் முழுவதும் அது தொடரும் குற்றம் என்று கூறுகிறது. 2006இல் ஏற்கப்பட்ட சர்வதேச சமவாயத்தின் 8ஆவது உறுப்புரையும் இந்தக் குற்றத்தின் தொடர்ச்சித் தன்மையைக் கருத்தில் கொள்கிறது. வழக்குத் தொடர்வதற்குக் கால எல்லை இருக்குமானால், குற்றம் முடிவடையும் கணத்திலிருந்தே அதை எண்ண வேண்டும் என்கிறது. இலங்கை இந்தச் சமவாயத்துக்கு 2016இல் பின்னுறுதி வழங்கியது; 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இயற்றப்பட்டது.

கடிதத்தில் எந்த இலக்கணக் காலத்தைப் பாவித்தீர்கள் என்று பார்த்து எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதப்போவதில்லை. ஆனால், கடிதம் முழுவதும் '2009இல் நடந்தது' என்ற இறந்தகால வினைகளாகவே இருந்தால், முடிந்துபோன ஒரு பழைய விடயம் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரும். 'வீ ஹேவ் பீன் சேர்ச்சிங்' என்று இன்று வரையும், 'வீ வில் ஹேவ் பீன் சேர்ச்சிங்' என்று வரப்போகும் நாள் வரையும் எழுதும்போது விடயம் முடியவில்லை என்பது வினைச்சொல்லிலேயே தெரிகிறது.

நிபந்தனையோடு எழுதலாம்

இந்தக் காலத்தில் ஒரு சங்கடமும் உண்டு. 2027இல் பத்து ஆண்டுகள் காத்திருந்திருப்போம் என்று எழுதும்போது, அதுவரை பதில் வராது என்று நாங்களே ஒப்புக்கொள்வதுபோல ஆகிறது. அடுத்த மாதமே பதில் வரவேண்டும் என்று கேட்கும் தாய்க்கு அப்படி எழுதக் கை வராது. அது நியாயமானதுதான்.

அதற்கு ஆங்கிலத்தில் வழி இருக்கிறது. முன்னால் ஒரு 'இஃப்' சேர்த்துக்கொள்ளுங்கள்: 'இஃப் நோ ஆன்சர் இஸ் கிவன் பை தென், வீ வில் ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபோர் டென் இயர்ஸ்.' அதற்குள் பதில் தரப்படாவிட்டால், நாங்கள் காத்திருக்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். இப்போது காத்திருப்பு எங்கள் முடிவாக இல்லை. பதில் சொல்ல வேண்டியவரின் பொறுப்பு வாக்கியத்தின் முதல் பாதியில் வந்துவிடுகிறது. 'இஃப்' பகுதியிலும் 'வில்' வராது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு காலம்

பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பல தாய்மாரும் தந்தைமாரும் பதில் அறியாமலே இறந்துபோனார்கள். அவர்களைப் பற்றி எழுத 'வில் ஹேவ் பீன்' உதவாது. அங்கே 'ஹாட் பீன்' வேண்டும்: 'ஷி ஹாட் பீன் வெயிட்டிங் ஃபோர் டுவெல்வ் இயர்ஸ் வென் ஷி டைட்.' அவர் இறந்தபோது பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார்.

உங்கள் அமைப்பிடம் பழைய மகஜர்களின் பிரதிகள் இருந்தால், புதிதாக அனுப்புவதற்கு முன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள். உயிரோடு இருப்பவருக்கு 'வில் ஹேவ் பீன்', இறந்தவருக்கு 'ஹாட் பீன்'. ஒரே கடிதத்தில் இரண்டும் வரலாம். இறந்தவரின் பெயரை நீக்க வேண்டியதில்லை. அவருடைய வாக்கியத்தின் காலத்தை மட்டும் மாற்றினால் போதும். கேள்வி அப்படியே இருக்கும்.