குவியம் தேடிய கண்

கமராவின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் வில்லையின் வளர்ச்சியையும் பிலிமின் வளர்ச்சியையுமே கூறி அமைவர். படம் பிடிப்பவர் எதனைக் கண்டு, “இதோ உருவம் தெளிந்துவிட்டது” என்று துணிந்தார் என்பதை ஆராய்வார் மிகச் சிலரே. அதனை ஆராயக் கொழும்பு மாநகரை விட்டு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

1890ஆம் ஆண்டிலே பிளாட்டே நிறுவனம் கொழும்பில் தோன்றிய காலத்தில், படப்பிடிப்பாளர் கறுப்புத் துணியினுள்ளே தலையைப் புதைத்துக்கொள்வார். கமராவின் பின்புறத்தே தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடொன்று இருக்கும். எதிரே அமர்ந்திருப்பவரின் உருவம் அதிலே தலைகீழாக விழும். வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் உருவமும் உண்மையிலே சற்று மங்கியிருத்தல் கூடும் என்பதை அனுபவம் கற்பித்திருந்தது. ஆதலால், சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றை அத்தகட்டின்மேல் வைத்து, அமர்ந்திருப்பவரின் கண்ணிமை மயிரைப் பார்ப்பார்கள். அது பிரிந்து தெரியுமாயின் குவியம் சரி. பின்னர், உருவம் விழுந்த அதே இடத்தில் மருந்து பூசிய தகட்டைச் செருகுவார்கள்.

இங்கேதான் ஓர் இடர் இருந்தது. கண் பார்த்தது ஒன்று. படத்தை ஏற்றது வேறொன்று. செருகும் சட்டம் மயிரிழை பின்தங்கினாலும் படம் கெடும். அன்றியும், அந்நாளைய தகடுகள் நீல ஒளியையே சிறப்பாக உணர்ந்தன. மனிதக் கண்ணோ மஞ்சள், பச்சை ஒளியிலே கூர்மையுடையது. செம்மை செய்யப்படாத வில்லைகள் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு தூரத்திலே குவித்தன. கண்ணுக்குத் தெளிந்த இடம் தகட்டுக்குத் தெளியவில்லை.

தெளிவே வேண்டுவதில்லை என்று துணிந்த ஒருவரும் நம் நாட்டிலே வாழ்ந்தார். கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரற் கமரன் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் படம் பிடித்து, 1879இல் இந்நாட்டிலேயே மறைந்தார். வில்லையைத் திருப்பும்போது உருவம் அழகாகத் தோன்றிய இடத்திலேயே தாம் நிறுத்திவிடுவதாக அவர் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் அவரைக் குறைகூறினோர் இதனை அறியாமை என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தெளிவின் எல்லை எதுவென்று அறிந்தவரே அதற்கு முன்னால் நிற்க முடியும்.

இருபதாம் நூற்றாண்டிலே கமரா சிறிதாயிற்று. கொழும்பிலே பிறந்த லயனல் வென்ட் லைக்கா, றோலிபிளெக்ஸ் ஆகிய இரண்டையும் கையாண்டவர். 1938இல் இலண்டனிலே தம் படங்களைக் காட்சிக்கு வைத்தவர். 1932இன் லைக்காவிலே இரண்டு உருவங்களை ஒன்றின்மேலொன்று பொருந்தச் செய்து தூரத்தை அறிந்தார்கள். றோலிபிளெக்ஸின் மேல்மூடியிலே உருப்பெருக்கி ஒன்று மடிந்திருந்தது. ஆயின் அதிற் காண்பது மேல் வில்லையின் உருவம், படம் பிடிப்பதோ கீழ் வில்லை. அடுத்து வந்த ஒற்றை வில்லைக் கமராவிலே சாய்ந்த கண்ணாடி உருவத்தை மேலே திருப்பிற்று. அங்கும் பார்க்கும் திரை வேறு, பதியும் பிலிம் வேறு.

எண்ணிமக் கமரா வந்த பின்னரே இப்பிளவு நீங்கிற்று. 2005இல் விண்மீன்களைப் படம் பிடிப்பதற்கென்று கனன் நிறுவனம் ஒரு கமராவை வெளியிட்டது. ஒளியை ஏற்கும் உணரியின் உருவத்தையே அதன் பின்புறத் திரையில் ஐந்து மடங்காகவும் பத்து மடங்காகவும் பெருக்கிக் காணலாம். விரைவில் ஏனைய கமராக்களும் இவ்வசதியைப் பெற்றன. பழைய உருப்பெருக்கியே திரும்பி வந்தது எனலாம். ஆனால் இம்முறை, எது படத்தை ஏற்கிறதோ அதனையே கண் பார்க்கிறது.

இது நமக்கு ஏன் வேண்டும்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் இல்லாத ஏடுகள் சாம்பலாயின. எஞ்சியவற்றைப் படியெடுக்கும் பணியிலே 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈடுபட்டு வருகின்றனர். வெள்ளவத்தையின் கடற்காற்றிலே பழுப்பேறிய ஏடும், கொட்டாஞ்சேனைக்கு அயலான கிராண்ட்பாஸ் வீதியிலே நெடுங்காலம் அச்சான வீரகேசரியின் பழைய இதழும் மீண்டும் மீண்டும் புரட்டத்தக்கன அல்ல. ஒருமுறை விரித்தபோதே படம் சரியாக அமைதல் வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு: புள்ளி. குவியம் சற்றே பிசகினால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி தாளின் பழுப்பிலே கரைந்துவிடும். ‘பல் மருந்து’ விளம்பரம் ‘பல மருந்து’ ஆகிவிடும்.

ஆகவே கமராவை அசையாத தாங்கியிலே பொருத்தி, தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து, திரையைப் பத்து மடங்காகப் பெருக்கி, ஒரு புள்ளியின்மேல் நிறுத்துக. வளையத்தைத் திருப்புங்கால் புள்ளி கூர்மையுற்று, பின் மங்கும். மங்கிய பின்னரே திரும்பி வருக. கூர்மையின் உச்சம் கடந்த பின்னரே தெரியும். அதன்மேல் துவாரத்தைச் சுருக்கி, நான்கு மூலைகளையும் மீண்டும் பெருக்கிப் பார்த்தல் நன்று.

ஓலைச்சுவடியிலே புள்ளியைத் தேடிப் பயனில்லை. எழுதினோர் அதனைப் பெரும்பாலும் இடுவதில்லை. மை பூசாத ஓலையில் எழுத்துக்கும் ஓலைக்கும் நிற வேறுபாடு குறைவாதலால் தானியங்கிக் குவியம் அங்கே தடுமாறும். பக்கவாட்டிலிருந்து ஒளியைச் சாய்த்து விட்டு, எழுத்தாணி கீறிய பள்ளத்தின் விளிம்பைப் பெருக்கிப் பார்த்தே குவியம் கொள்ளவேண்டும்.