அரக்குத் தட்டில் கிடக்கிற குரல்



மங்காஃபில் இருக்கிற எங்கட பொடியங்கள் சிலபேர் லீவு நாளில சூக் அல் ஜும்மா சந்தைக்குப் போறவை. பழைய சாமான் பக்கத்தில பித்தளைக் குழாய் வைச்ச கிராமபோனைக் கண்டால் கை துறுதுறுக்கும். வாங்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கோ.

பெட்டிக்குள்ள பாட்டை அடைக்கிற வேலையைத் தொடங்கினது மணிக்கூட்டுக்காரர். 1796இல ஜெனீவாவில அந்துவான் ஃபாவ்ர் எண்டவர், சுருதி சேர்த்த உருக்குப் பற்களைத் தட்டி இசை எழுப்பிற பொறியைச் செய்தார். உருளையில குத்தின சின்ன ஊசிகள் சீப்பு மாதிரியான பற்களை மீட்டும். பிறகு லைப்சிக்கில இரும்புத் தகட்டுப் பெட்டிகள் வந்தது. ஆனால் இதுகளில மனுசக் குரல் இல்லை. அதை 1877இல எடிசன் பிடிச்சார். 1887இல பெர்லினர் தட்டையான தட்டுக்கு மாத்தினார்.

அந்தத் தட்டு எதில செய்தது தெரியுமோ? அரக்கு! எங்கட பக்கத்துக் காடுகளில பூச்சி கக்கிற அரக்கு. உலகத்துக்கு அதை அனுப்பினதில இந்தியாதான் முன்னுக்கு. 1902 நவம்பரில கல்கத்தாவில கௌஹர் ஜானின்ர பாட்டைப் பதிஞ்சினம். 1908இல அங்கேயே தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலையும் வந்தது.

இப்ப எங்கட கதைக்கு வருவம். எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல செத்தார். வயது 27. பேசும்படம் தமிழுக்கு வந்து ரெண்டு வருசம்தான். அவர் ஒரு படத்திலயும் நடிக்கேல்லை. அந்தக் குரல் மிஞ்சினது அரக்குத் தட்டில மட்டும், பக்கத்துக்கு மூண்டு நிமிசம் சொச்சம். யாரோ உடைக்காமல் வைச்சிருந்தபடியால்தான் இண்டைக்கும் கேக்கிறம். சென்னையில வி.ஏ.கே.ரங்காராவ் போல ஆக்கள் ஆயிரக்கணக்கில இப்பிடித் தட்டுச் சேர்த்தவை.

குழாய் கிராமபோன் விசயத்தில கவனம். இந்தியாவில புதுசாய்ச் செய்து பழசெண்டு விக்கிறது கனக்க. பளபளக்கிற பித்தளைக் குழாய், நாய்ப்படம் போட்ட பித்தளைத் தகடு, புதுப் பலகைப் பெட்டி... பெரும்பாலும் போலிதான். இசைப்பெட்டி எண்டால் சீப்பில பல்லு உடைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. தட்டு வாங்கினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதேங்கோ, அரக்குக் கரைஞ்சுபோம்.

என்னைக் கேட்டால் பெட்டியை விடத் தட்டுத்தான் பெறுமதி. 1981இல நூலகம் எரிஞ்சது. 1995 ஒக்டோபரில வலிகாமத்துச் சனம் ஒரு பையோட வெளிக்கிட்டது. வீட்டு அலுமாரிகளில இருந்த ரெக்கோட்டுகளை ஆர் காவினது? அதுகளுக்கு ஒரு கணக்கும் இல்லை.

குவைத்திலயும் 1990இல ஈராக் ஆமி வந்து தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளையடிச்சது. ஆனால் ஜாப்ரியாவில தாரிக் ரஜப் குடும்பம் தங்கட நிலக்கீழ்க் காட்சியறைக்குப் போற வாசலைச் செங்கல் வைச்சு மூடிச்சுது. உள்ள இருந்தது தப்பிச்சுது. அரசாங்கம் காப்பாத்தாததை ஒரு வீட்டுக்காரர் காப்பாத்தினார், பாருங்கோ.

எங்களுக்கு அரசாங்கமும் இல்லை, மூடுறதுக்குச் சுவரும் இல்லை. ஆனால் கனடா, லண்டன், சுவிஸ் எண்டு போன சனத்தின்ர பெட்டிக்குள்ள ஒண்டிரண்டு தட்டோ கசெட்டோ இருக்கும். தூக்கி எறிய முதல் அதை எண்ணியியல் கோப்பாய் மாத்துங்கோ. தட்டில இருக்கிற பேர், இலக்கம், ஆற்ற வீட்டில இருந்தது எண்டதையும் எழுதி வையுங்கோ. பெரிய காசு தேவையில்லை, ஒரு பின்னேரம் போதும்.