தவக்குல்

தவக்குல் என்பது தன்னாலான முயற்சியைச் செய்தபின் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்து, அவன் நாட்டத்தில் மனம் அமைதி கொள்ளும் இஸ்லாமிய அகநிலை. சூபி மரபில் இது ஆன்மிகப் படித்தரங்களுள் (மகாம்) ஒன்று. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் ‘இஹ்யா உலூமுத்தீன்’ என்ற படைப்பின் 35ஆம் நூலை இறையொருமைக்கும் தவக்குலுக்கும் ஒதுக்கினார். முயற்சியைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனை நம்ப வேண்டும் எனும் கருத்துள்ள நபிமொழி (ஹதீஸ்) திர்மிதி தொகுப்பில் உள்ளது.

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், மருதமுனை முதல் நிந்தவூர் வரையான முஸ்லிம் ஊர்களில், தவக்குல் அன்றாடத் தொழிலோடு கலந்தது. கரைவலைத் தோணியைப் பிஸ்மி (‘அல்லாஹ்வின் பெயரால்’) சொல்லித் தள்ளுவர்; வயல் விளைச்சல் பற்றிய பேச்சில் ‘இன்ஷா அல்லாஹ்’ (அல்லாஹ் நாடினால்) சேரும். இந்த ஒப்படைப்பு தொழுகையிலும் வெளிப்படுகிறது: சுஜூதில் (சிரவணக்கத்தில்) நெற்றியும் மூக்கும், உள்ளங்கைகளும், முழங்கால்களும், கால்விரல்களும் தரையில் படுகின்றன. பணிவின் உச்ச நிலை இதுவே.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் இறைநேசர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகிறது. இவ்வாறு இறைநேசரைப் போற்றி அவர் வழியாக வேண்டுவது நேரடித் தவக்குலுக்கு முரண் என்பது தவ்ஹீத் இயக்கத்தாரின் வாதம். மரபாளர் இதை ஏற்பதில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோள் (சுனாமி) அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தகைய இழப்பில் பொறுமையும் (ஸப்ர்) தவக்குலும் இணைத்தே போதிக்கப்படுகின்றன.

கத்தோலிக்க மரபில் தவக்குலுக்கு நெருக்கமானது, இறைவனைக் குழந்தைபோல் நம்பும் லிசியே நகர்ப் புனித தெரேசாவின் (1873–1897) ‘சிறிய வழி’. ஆனால் அவர் தந்தையாகிய இறைவன்முன் குழந்தையாக நிற்கிறார்; இஸ்லாத்தில் மனிதன் இறைவன்முன் அடியான்.