விமானத்திற்காகச் செய்யப்பட்ட அமைதி: தாராவியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்கள் சந்தில் தண்ணீர் வந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. இரைச்சல் நீக்கும் இயர்பட் இரண்டையும் செருகிக்கொண்டு, ஆய்வுக்காகப் பதிவுசெய்த உரையாடல்களை எழுத்துப்பெயர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை உள்ளே வந்து தோளைத் தட்டினார். "ஏட்டி, தண்ணி வந்து அர மணி நேரமாச்சு. நான் போட்ட கூப்பாடு காதுல விழலியா?"

விழுந்தது. அதுதான் வேடிக்கை. "தண்ணி வந்துட்டு" என்ற குரலை நான் தெளிவாகவே கேட்டேன். அது பதிவில் உள்ள குரல் என்று எண்ணிவிட்டேன். பதிவும் தாராவியில் செய்தது, வெளியே இருந்ததும் தாராவி. எங்கள் சந்தில் தண்ணீர் வந்ததற்கு முதல் அடையாளம் குரலன்று. வீட்டுக்கு வீடு குழாயில் மாட்டியிருக்கும் சிறு மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்குவதே. அந்த உறுமலைத்தான் கருவி முற்றாகத் துடைத்துவிட்டது. துடைக்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டியதைத் துடைத்தது ஏன் என்ற கேள்வி, நான் எதிர்பாராத வகையில், ஒரு வரலாற்றுக் கேள்வியாக மாறியது.

ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூக் 1933-இல் தம் நாட்டில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் அமெரிக்க வடிவம் 1936-இல் வழங்கப்பட்டது. ஓர் ஒலியலையின் முகடு வருமிடத்தில் அதற்கு எதிரான அலையின் பள்ளத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்பதே அவர் கருத்து. அன்றிருந்த மின்னணுக் கருவிகளால் அதை நடைமுறைப்படுத்த இயலவில்லை. 1953-இல் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தின் ஹாரி ஆல்சனும் எவரெட் மேயும் 'மின்னணு ஒலி உறிஞ்சி' ஒன்றை விவரித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் லாரன்ஸ் ஃபோகல், ஹெலிகாப்டர், விமான ஓட்டிகளின் காதுகளுக்காகக் காப்புரிமைகள் பெற்றார். பின்னர் 1978-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ், ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் ஓசையை மீறி எதையும் கேட்க முடியாமல், அங்கேயே காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். (அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி 1920-இல் அமெரிக்கா சென்ற வங்காள விடுதலைப் போராளி. இந்த வரலாற்றில் இந்தியாவின் நேரடிப் பங்கு இவ்வளவே எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) 1986-இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் ஓட்டிகள் அவருடைய மாதிரிக் கருவியை அணிந்திருந்தனர். 1989-இல் அது விமானிகளுக்கும் 2000-இல் பயணிகளுக்கும் விற்பனைக்கு வந்தது. 2017-இல் சோனியும் 2019-இல் ஆப்பிளும் அதே உத்தியைக் கம்பியில்லாச் சிறு இயர்பட்டுக்குள் அடக்கின. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு அது கிடைக்கிறது.

இந்த வரிசையில் பல படிகள் விமானத்தோடு கட்டுண்டிருப்பதைக் கவனிக்கலாம். எஞ்சின் ஓசை தாழ்ந்தது, மாறாதது. அடுத்த நொடி எப்படி ஒலிக்கும் என்பதை இந்த நொடியிலிருந்தே ஊகிக்கலாம். எதிரலையை உருவாக்க அத்தகைய ஓசையே உகந்தது. ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இந்த உத்தியின் பயன் விரைந்து குறைகிறது. அங்கே காதை அடைக்கும் ரப்பர் முனைதான் வேலை செய்கிறது. மனிதப் பேச்சு புரிவதற்குத் தேவையான தகவலில், குறிப்பாக மெய்யொலிகளை வேறுபடுத்தும் தகவலில், பெரும்பகுதி 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் இருக்கிறது. எனவே பேச்சு மெலிந்தாலும் அழிவதில்லை. மின்விசிறி, மோட்டார், தையல் எந்திரம் எல்லாம் அடங்கியபின், அவற்றின் போர்வைக்குள் இதுவரை மறைந்திருந்த அடுத்த வீட்டுச் சண்டை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அறிமுகமற்றவர்கள் வரிசையாக அமர்ந்து, ஒரே எஞ்சினைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் போகும் ஓரிடத்துக்காகச் செய்த அமைதி இது. பத்துக்குப் பத்து அடி அறைகள் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சந்தில் அது எப்படிப் பொருந்தும்?

இந்தப் பொருத்தமின்மைக்கு ஒரு முன்னோடி உண்டு. அயலாரின் சேவலும் பியானோவும் தாங்காமல், தாமஸ் கார்லைல் 1853-இல் லண்டன் செல்சியில் தம் வீட்டு உச்சியில் ஓசை புகா அறை ஒன்றைப் பெரும் செலவில் கட்டுவித்தார். அருகிலிருந்த ஓசைகள் குறைந்தன. தொலைவிலிருந்த ரயில் ஊதலும் படகுச் சங்கும் அதுவரை இல்லாத தெளிவோடு வந்து சேர்ந்தன. அவருடைய சமகாலத்தவரான சார்லஸ் பேபேஜ், அறை கட்டாமல் சட்டம் கேட்டார். தெருப் பாடகர்களுக்கு எதிராக அவர் நடத்திய நீண்ட போராட்டம் 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. வீட்டிலிருந்து எழுதிப் பிழைத்த அறிவுத் தொழிலாளர்களின் அமைதிக்காக, தெருவில் வாசித்துப் பிழைத்தவர்கள், அவர்களிலும் பெரும்பாலும் இத்தாலியரும் ஜெர்மானியரும், அகற்றப்பட்டனர். இரைச்சல் வரலாற்றில் யாருடைய வேலை அமைதி கோருகிறது, யாருடைய வேலை ஓசை எழுப்புகிறது என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது.

மும்பையில் இக்கேள்வி நீதிமன்றங்கள் வழியே வந்தது. மருத்துவர் யஷ்வந்த் ஓக் 1980களில் தொடங்கிய வழக்கும், சுமைரா அப்துலாலி 2006-இல் நிறுவிய ஆவாஸ் அமைப்பின் பணியும் நாடு முழுவதற்கும் முன்மாதிரியாயின. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நகரத்தை நான்காகப் பகுத்தன. பகலில் குடியிருப்புக்கு 55 டெசிபெல், வணிகப் பகுதிக்கு 65, தொழிற்பகுதிக்கு 75. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை 50. நன்கு சிந்திக்கப்பட்ட விதிகள்தாம். ஆயினும், கீழே தோல்பை தைத்து மேலே குடியிருக்கும் வீடு எந்தப் பகுதி? கலப்புப் பகுதியை நான்கில் ஒன்றாக உரிய அதிகாரி அறிவிக்கலாம் என்று விதியின் அடிக்குறிப்பு சொல்கிறது. தாராவி முழுவதுமே அந்த அடிக்குறிப்புக்குள் வாழ்கிறது என்பேன்.

2023 ஏப்ரலில் பெஸ்ட் நிர்வாகம் பேருந்துகளில் கைபேசியைச் சத்தமாக ஒலிக்கவிடுவதைத் தடைசெய்து, ஹெட்போன் அணியச் சொன்னது. 1979-இல் வாக்மேன் வெளிவந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. தனியாகக் கேட்பது பிறரை அவமதிப்பதாகுமோ என்று சோனியின் அக்கியோ மொரிட்டா அஞ்சியதால், முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு துளைகளும், பாட்டைத் தாழ்த்திப் பேச ஒரு பொத்தானும் இருந்தன. விரைவில் இரண்டும் மறைந்தன. நாற்பதாண்டு கழித்து, வெளியோசையை உள்ளே விடும் வசதியாக அந்தப் பொத்தான் இயர்பட்டில் திரும்பிவந்திருக்கிறது.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒரு சொல்லாராய்ச்சி செய்யாமல் நகர முடியவில்லை. பொறியியலில் இரைச்சல் என்பது வேண்டாத ஒலி. வேண்டாமை அந்தச் சொல்லின் வரையறையிலேயே இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கு சொற்களை அரவம் என்னும் பொருளில் தொகுக்கிறது. அடுத்து அழுங்கலை மட்டும் தனியே எடுத்து, அதற்கு இரக்கம், கேடு என்ற பொருள்களும் உண்டு என்கிறது. மற்ற மூன்றுக்கும் அத்தகைய கேட்டுப் பொருளை அது சேர்க்கவில்லை. மதுரைக்காஞ்சியின் அங்காடி இந்த அரவங்களால் நிறைந்தது; அங்கே அது நகரம் நலமாக இருப்பதன் அடையாளம்.

இந்த இடத்தில் நிறுத்தி, தாராவியின் ஓசையே அதன் உயிர், இயர்பட் அதைக் கொல்கிறது என்று எழுதிவிடலாம். முதுகலை ஆய்வேட்டில் ஏறத்தாழ அப்படித்தான் எழுதினேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறு பேர் உறங்கும் அறையில் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குக் கம்பலை நலத்தின் அடையாளமன்று. அவளுக்கு இயர்பட் தருவது அமைதிகூட அன்று, ஓர் அறை. அதை அணிந்திருக்கும்வரை அவளிடம் யாரும் வேலை ஏவுவதில்லை. அதனாலேயே பாட்டு எதுவும் ஓடாமலேயே அணிந்திருப்பவர்களையும் நான் அறிவேன். என் எழுத்துப்பெயர்ப்பும் அதனால்தான் நடக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்த தலைமுறைகளுக்கு இந்த அறை ஒருபோதும் கிடைத்ததில்லை.

மறுபுறம், பதின்மூன்றாம் காம்பவுண்டில் நெகிழியை அரைக்கும் எந்திரத்தின் முன் நிற்பவருக்கு, அதாவது தாழ்ந்த, மாறாத, விமானத்தை ஒத்த ஓசையில் நாள் முழுதும் நிற்பவருக்கு, இந்த உத்தி மிகப் பொருந்தும். விமான ஓட்டிக்கு அது பணிக்கருவியாக வழங்கப்பட்டது. இங்கே வழங்குவோர் இல்லை. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்பது தொழிற்சாலைகளுக்கான வரம்பு. ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முதலில் இயற்றப்பட்டபோது, மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் ஓரிடத்தைத் தொழிற்சாலை என்றது. பல கொட்டகைகளில் அதற்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள். கருவி எந்த ஓசைக்காகப் பிறந்ததோ அந்த ஓசைக்குள் நிற்பவரின் காது வெறுமையாகவும், என் காது அடைபட்டும் இருக்கின்றன.

மீண்டும் அந்த விடியற்காலைக்கு வருகிறேன். தண்ணீர் பிடித்து முடித்தபின் எழுத்துப்பெயர்ப்பைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தோராம் நிமிடத்தில், "அடையாளம் தெரியாத பெண் குரல், தொலைவில்" என்ற குறிப்போடு "தண்ணி வந்துட்டு" என்று தட்டச்சு செய்திருந்தேன். இயர்பட்டைக் கழற்றிவிட்டுப் பதிவை ஒலிபெருக்கியில் மும்முறை கேட்டேன். அப்படியொரு குரல் அதில் இல்லை. கடந்த ஓராண்டில் அதே அறையில், அதே இயர்பட்டோடு எழுத்துப்பெயர்த்த பதிவுகள் இருபத்தேழு. அவற்றில் தொலைவுக் குரல்களாக நான் குறித்தவை அனைத்தையும் இப்போது முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பதிவுகள் முடிந்துள்ளன. மேலும் இரண்டு வரிகள் அத்தையுடையவை.