களத்திலிருந்து மைக்குக்கு: முன்னாள் வீரர்களின் வர்ணனையும் ரசிகர்களின் தீர்ப்பும்

விளையாட்டை ஆடி ஓய்ந்தவர்களே பிறகு அந்த விளையாட்டைப் பற்றிப் பேசுவதைத் தொழிலாகக் கொள்ளும் வழக்கம் இன்று உலகமெங்கும் வேரூன்றிவிட்டது. நடப்பதை நடக்கும்போதே சொல்லிச் செல்பவர் வர்ணனையாளர் என்றும், அவருக்கு அருகில் அமர்ந்து நடந்ததன் காரணத்தை எடுத்துரைப்பவர் நிபுணர் என்றும் இத்தொழில் இரு கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. இரண்டாவது இருக்கை ஏறக்குறைய முழுவதும் முன்னாள் வீரர்களுக்கே உரியதாகிவிட்டது. அவர்கள் சொல்வதை ரசிகர்கள் எப்படி மதிப்பிட்டார்கள், எதற்காக ஏற்றார்கள், எதற்காக வெறுத்தார்கள் என்பது சரியாக எழுதப்படாத ஒரு வரலாறு. இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர் போன்ற ஒரு வறண்ட நிலத்துச் சிற்றூரிலிருந்து அந்த வரலாற்றைப் பார்த்தால், பெருநகர அரங்குகளிலிருந்து தெரியாத சில கோணங்கள் தெரியவருகின்றன.

தொடக்கத்தில் இந்த வேலைக்கு ஆடிய அனுபவம் ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை. 1927 ஜனவரி 22 அன்று ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகள் மோதிய ஆட்டத்தைப் பிபிசி வானொலியில் வர்ணித்த வேக்லம், ரக்பி ஆடியவரே தவிர கால்பந்து வீரர் அல்லர். ஆடுகளத்தைக் கட்டங்களாகப் பிரித்த படம் ஒன்று முன்கூட்டியே இதழில் அச்சிடப்பட்டிருந்ததால், பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கேட்பவர்கள் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டனர். இந்தியாவில் 1934 முதல் பம்பாய்க் கிரிக்கெட் ஆட்டங்களை வர்ணித்துப் புகழ்பெற்ற பாபி தல்யார்கான், மைக்கை எவரோடும் பகிர்ந்துகொள்ள மறுத்தவர். பலர் மாறி மாறிப் பேசும் குழுமுறையை வானொலி கொண்டுவந்தபோது அவர் விலகிக்கொண்டார். கேட்பவர்களை அன்று கட்டிவைத்திருந்தது குரலும் சொல்வளமும்தான்.

முன்னாள் வீரர் என்ற தகுதியோடு மைக் முன் அமர்ந்தவர்களில், 1936ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய விஸ்ஸி என்னும் விஜயநகர இளவரசர் குறிப்பிடத்தக்கவர். ஆட்டத் திறமையைவிட அரச குடும்பத்துச் செல்வாக்காலேயே தலைமைப் பதவியைப் பெற்றவர் என்று பேசப்பட்ட அவர், பின்னாளில் வானொலியில் பேசியபோது களத்தில் நடப்பதை விட்டுவிட்டுத் தம் பழங்கதைகளுக்குள் நுழைந்துவிடுகிறார் என்ற குறை கேட்பவர்களிடையே பரவலாக இருந்தது. அதே 1936 பயணத்தின் நடுவில் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்ட லாலா அமர்நாத்தும் பின்னர் நிபுணராக வானொலிக்கு வந்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவரான அவருடைய பேச்சில் ஒளிவுமறைவு இருக்காது என்று ரசிகர்கள் நம்பினார்கள். ஒரே அணியில் இருந்த இருவரும் ஒரே தகுதியோடு மைக் முன் வந்தபோதும் கேட்டவர்கள் அவர்களை ஒரே தராசில் வைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. அணியில் இருந்தவர் என்பதால் கிடைக்கும் மதிப்பு முதல் சில நிமிடங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு வாக்கியமும் தானாகவே அந்த மதிப்பைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

தமிழில் நிலைமை வேறு. சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டங்களை அகில இந்திய வானொலியில் தமிழில் சொல்லிப் பெயர்பெற்ற சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோர் வீரர்களாக அறியப்பட்டவர்கள் அல்லர். கூத்தபிரான் வானொலி நாடகங்களாலும் சிறுவர் நிகழ்ச்சிகளாலும் அறியப்பட்டவர், 2020இல் மறைந்த அப்துல் ஜப்பார் தமிழின் ஒலிநயத்தை நன்கறிந்த குரலுக்குச் சொந்தக்காரர். பந்து எந்தத் திசையில் ஓடியது, எவர் துரத்தினார், எத்தனை ஓட்டம் கிடைத்தது என்பதைக் கண்ணால் காணாதவர்களுக்குச் சொற்களாலேயே காட்டிவிட வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் தெளிவாகக் கேட்டது. தேர்ந்த அறிவிப்பாளர்களின் பிழையற்ற உச்சரிப்புக்குப் பழகிய காதுகள் அவை. பின்னாளில் தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் வீரர் பாதி வாக்கியத்தை விழுங்கிப் பேசியபோது இந்தத் தலைமுறைக்கு ஏற்பட்ட எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு இணையாக, வானொலியின் உதவியே இல்லாத இன்னொரு வர்ணனை மரபும் இவ்வட்டாரத்தில் வளர்ந்தது. கோயில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் கபடிப் போட்டி, மாட்டுவண்டிப் பந்தயம், நீண்ட கயிற்றில் கட்டிய காளையைக் குறித்த நேரத்துக்குள் வீரர்கள் அடக்க முயலும் வடமாடு மஞ்சுவிரட்டு ஆகிய அனைத்திலும் மைக் பிடிப்பவர் என்று ஒருவர் இருப்பார். மாட்டின் உரிமையாளர் பெயரையும் ஊரையும் விடாமல் சொல்வதும், பரிசாக அறிவிக்கப்பட்ட அண்டாவையும் சைக்கிளையும் நினைவூட்டுவதும், கூட்டத்தை எல்லைக்குள் நிறுத்துவதும், விழாக் கமிட்டியாரின் அறிவிப்புகளை இடையிடையே சேர்ப்பதும் அவர் வேலை. கபடியில் இந்த வேலை பெரும்பாலும் அதே ஊர் அணியில் முன்பு ஆடி, முழங்காலோ தோளோ இடம் கொடாமல் ஒதுங்கிய ஒருவரிடம் வந்து சேரும். பாடிச் செல்பவர் எதிரணியின் எந்த மூலையைக் குறிவைக்கிறார், காலைப் பிடிப்பவர் ஏன் ஒரு கணம் தாமதித்தார் என்பதை அவர் சொல்லும்போது, சுற்றி நின்று கேட்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் ஆடியவர்களாக இருப்பார்கள். தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே கூட்டத்திலிருந்து மறுப்பு வரும்; ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் தோற்ற ஊர்க்காரர்கள் நேரே வந்து கேட்பார்கள். நிபுணரை மதிப்பிடும் உரிமை ரசிகருக்கு உண்டு என்பதை இம்மக்கள் எந்தத் தொலைக்காட்சியிடமிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை, தங்கள் ஊர்த்திடலிலேயே அதைப் பழகியிருந்தார்கள்.

முன்னாள் வீரர்களைக் குழுவாக அமர்த்தி விவாதிக்கவிடும் இன்றைய முறைக்கு வழிகாட்டியது 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பிரிட்டனின் ஐடிவி அமைத்த அரங்கம். மால்கம் அலிசன், டெரிக் டூகன், பேட் கிரெராண்ட், பாப் மெக்னாப் ஆகிய நால்வரும் சண்டைபோடாத குறையாக வாதிட்டதை மக்கள் ஆட்டத்துக்கு நிகராக ரசித்தார்கள். இம்முறையின் பலவீனமும் அதே நாட்டில்தான் வெளிப்பட்டது. லிவர்பூல் அணியின் தடுப்பாட்ட வீரராக இருந்து 1992 முதல் 2014 வரை பிபிசியில் பேசிய ஆலன் ஹான்சன், 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 1–3 எனத் தோற்றபோது, சிறுவர்களை வைத்துக்கொண்டு எந்தப் பட்டத்தையும் வெல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். அதே இளைஞர்கள் அந்தப் பருவத்திலேயே லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றார்கள். கால்பந்து ரசிகர்கள் அந்த வாக்கியத்தை இன்றும் மறக்கவில்லை. ஆயினும், தடுப்பாட்டக்காரர் ஒருவர் இடம் தவறி நின்றதைப் படத்தை நிறுத்திக் காட்டி ஹான்சன் விளக்கியது போல அதற்கு முன் எவரும் விளக்கியதில்லை என்று அதே ரசிகர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆருடம் பொய்த்ததை மன்னித்து விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் இந்த மதிப்பீடு, இத்தொழிலை நடத்துகிறவர்கள் நினைப்பதைவிடக் கூர்மையானது.

இராமநாதபுரக் கரைக்குத் தொலைக்காட்சி வந்த வழியும் தனித்தன்மை உடையது. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை உயரமான ஆன்டெனாக்கள் நட்டுப் பார்த்த ஊர்கள் இங்கு உண்டு. 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையமும், பின்னர் ராமேஸ்வரத்தில் எழுந்த 323 மீட்டர் உயரக் கோபுரமும் தூர்தர்ஷனை இப்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் இவற்றின் விளையாட்டு வர்ணனை பெரும்பாலும் வேற்றுமொழிகளில் இருந்ததால், கவாஸ்கரும் ரவி சாஸ்திரியும் சொன்னதை உள்ளூர் ரசிகர் படத்தின் துணைகொண்டு ஊகித்துக்கொண்டார். 1984இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளை வீழ்த்திய சென்னைக்காரர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் வர்ணனையாளராக உலகமெங்கும் சென்றபோது, தமிழ் ரசிகர்கள் பெருமைப்பட்டார்கள். அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்.

2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கெனத் தனி அலைவரிசையைத் தொடங்கியதும், 2018 முதல் ஐபிஎல் ஆட்டங்கள் அதில் தமிழ் வர்ணனையோடு வந்ததும் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, சடகோபன் ரமேஷ், அபினவ் முகுந்த், லட்சுமிபதி பாலாஜி எனத் தமிழ்நாட்டின் வெவ்வேறு தலைமுறை வீரர்களே தமிழில் பேசத் தொடங்கினார்கள், திரைக்கலைஞர் ஆர்.ஜே. பாலாஜியும் அவர்களோடு சேர்ந்தார். ஸ்ரீகாந்தின் படபடப்பான சென்னைப் பேச்சு, அவர் மட்டைபிடித்த விதத்தையே நினைவூட்டியதால் பலருக்குப் பிடித்துப்போனது. ஆடுகளத்தின் தன்மையையும் பந்துவீச்சாளரின் கைப்பிடியையும் பொறுமையாக விளக்குபவர்களுக்குத் தனி மதிப்பு உருவானது. அதே வேளையில், ஆட்டத்தை விட்டுத் திரைப்பட வசனங்களிலும் நண்பர்களுக்கிடையிலான கேலியிலும் நேரம் கழிகிறது என்ற குறையும், சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடியவர்கள் பலர் இருப்பதால் அந்த அணியின் பக்கம் பேச்சு சாய்கிறது என்ற குறையும் எழுந்தன. இரண்டாவது குறையில் நியாயம் உண்டு, ஏனெனில் தான் ஆடிய அணியின் உள்விவகாரத்தை அறிந்திருப்பது ஒரு நிபுணரின் பலம், அதை மறைத்து அந்த அணியைக் காப்பாற்றுவது அவர் தொழிலுக்குச் செய்யும் தீங்கு.

ஆடியவர் மட்டுமே பேசலாமா என்ற கேள்வி 2019 நவம்பரில் கொல்கத்தாவில் வெளிப்படையாகவே வெடித்தது. இந்தியா, வங்கதேசம் மோதிய பகலிரவு டெஸ்டில், இளஞ்சிவப்புப் பந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று வீரர்களையே கேட்க வேண்டும் என, இந்திய அணிக்கு ஆடியிராத வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே கூறியபோது, ஆடியவர்களுக்கு அது கேட்காமலே தெரியும், கேட்க வேண்டியது போக்ளே போன்றவர்களே என்ற பொருள்பட முன்னாள் வீரர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் நேரலையில் பதில் சொன்னார். ரசிகர்களில் பெரும்பான்மையோர் போக்ளேயின் பக்கம் நின்றனர், மஞ்ச்ரேக்கரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ரவீந்திர ஜடேஜாவைத் துண்டுதுண்டாகத் திறமை கொண்ட ஆட்டக்காரர் என்று குறைத்துப் பேசியதற்காகவும் அவர் கடும் எதிர்ப்பைச் சந்தித்திருந்தார். உலகக் கோப்பை அரையிறுதியில் ஜடேஜா 77 ஓட்டங்கள் எடுத்ததும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 2020இல் கிரிக்கெட் வாரியம் அவரைத் தன் வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கியபோது ரசிகர்களின் மனநிலை இரண்டாகப் பிரிந்தது: பிடிக்காத கருத்தைச் சொன்னவர் போனார் என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம், வாரியத்திடம் ஊதியம் பெறுபவர் வாரியத்தையோ அதன் வீரர்களையோ எப்படி விமர்சிக்க முடியும் என்று கவலைப்பட்டவர்கள் மறு பக்கம். இரண்டாவது தரப்பின் கவலையே நீடித்த முக்கியத்துவம் உடையது. முன்னாள் வீரர்களின் பேச்சில் நாளுக்கு நாள் புகழ்ச்சி கூடிக் கண்டனம் குறைந்துவருவதற்கு அவர்களுடைய மனப்பாங்கைவிட ஒப்பந்த முறையே பெரிய காரணம்.

கபடியில் இந்த மதிப்பீடு இன்னும் நேரடியாக நடக்கிறது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தபின், பாடி வருபவருக்கு 30 நொடி, தடுப்பாளர்கள் ஆறு பேராவது களத்தில் இருந்தால் மட்டுமே போனஸ் கோட்டுக்குப் புள்ளி, மூவரோ அதற்குக் குறைவானவர்களோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்னும் விதிகளைத் தொலைக்காட்சி நிபுணர்கள் விளக்கத் தொடங்கினார்கள். நகரத்து ரசிகர்களுக்கு இது புதிய கல்வி. முதுகுளத்தூர் வட்டாரத்தில் சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்கோ விதி தெரியும்; எந்தத் தடுப்பாளர் எப்போது கைகோத்து நிற்கும் சங்கிலியை விட்டுப் பிரிந்தார் என்பதைச் சொல்லும் நிபுணரையே அவர்கள் ஏற்கிறார்கள், புள்ளிக்கணக்கைத் திரும்பச் சொல்பவரைக் கடந்துபோகிறார்கள்.

அண்மைக் காலத்தில் வழி மறுபக்கமாகவும் திறந்திருக்கிறது. ரவிச்சந்திரன் அஸ்வின், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே யூடியூபில் தமிழில் ஆட்ட நுணுக்கங்களைப் பேசத் தொடங்கி, ஓய்வுக்குப் பிறகும் தொடர்கிறார். அலைவரிசையின் நேரக் கட்டுப்பாடு இல்லாததால் ஒரே ஓவரைப் பற்றி நெடுநேரம் விளக்க அங்கே முடிகிறது. ஊர்க் கபடிப் போட்டிகளும் மாட்டுவண்டிப் பந்தயங்களும் இப்போது யூடியூப் நேரலையில் செல்கின்றன. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலைசெய்யும் இம்மாவட்டத்துக்காரர்கள் அவற்றைக் கைபேசியில் பார்க்கிறார்கள், மைக் பிடிப்பவரும் திடலில் நிற்கும் கூட்டத்தோடு திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் சேர்த்தே அணியையும் ஆட்டக்காரரையும் அறிமுகப்படுத்துகிறார்.